கறுப்புக் கண்ணாடியில் ஒரு பொட்டு

டிண்டட் ஒட்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிண்டட் கடையில் சேர்ந்து தொண்ணூறுகளின் கடைசியில் வெளியே வந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு கண்ணாடிக்குக்கூட நான் வெயிலைத் தடுக்கிற அந்தக் கறுப்புப் படலத்தை ஒட்டியதில்லை. நீங்கள் ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, வாடிக்கையாளர் அதன்மேல் எதையாவது போட்டுத் தேய்த்துவிட்டு டெலிபோனில் சத்தம் போடுவார் பாருங்கள், அங்கேதான் என் வேலை ஆரம்பம். வீட்டு ஜன்னலானாலும் சரி, காரானாலும் சரி, ஒரு வாளியும் பழைய பருத்தித் துணிகளும் சிரித்த முகமுமாகப் போய் நிற்பேன். கிள்ளான் முதல் செலாயாங் வரை எனக்கு ‘டிண்டட் அக்கா’ என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிண்டட்டை யாரும் தொடுவதே இல்லை. அது தானாகக் கீறிக்கொள்ளும், தானாக வெளுக்கும், தானாக ஓரம் பிய்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் சொல்லும் கதை எப்போதும் இதுதான். சேர்ந்த புதிதில் நான் போலீஸ்காரி மாதிரி துருவித் துருவி விசாரித்து, ஒரு வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டையை மூட்டிவிட்டு வந்தேன். மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் சீனர். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்ததால் தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார்.

“நீ யாரு கேக்காதே. என்னா போட்டு தொடைச்சே, அது மட்டும் கேளு. யாரு கேட்டா சண்டை. என்னா கேட்டா பதில்.”

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது எவ்வளவு நல்ல யோசனை என்பது கிள்ளானில் ஒரு வீட்டில் எனக்குப் புரிந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மேற்கு வெயில் அடிக்கிற பெரிய முன்ஹால் ஜன்னலுக்கு டிண்டட் போட்ட வீடு. வீட்டுக்கார ஆன்டி டெலிபோன் செய்து, உங்கள் டிண்டட் பூத்துப் போய்விட்டது என்றார். போய்ப் பார்த்தேன். பூத்துத்தான் இருந்தது. பாதி ஊதா நிறம், பாதி மங்கல், நடுவில் வட்டம் வட்டமாகக் கீறல். ஆன்டி, அவர் கணவர், மருமகள் மூவரும் ஹாலில் இருந்தார்கள். கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரிகையில் நடுப்பக்கங்கள் மட்டும் காணவில்லை.

“யாரும் தொடல. சாமி சத்தியமா,” என்றார் ஆன்டி.

“நான் அத கேக்கல ஆன்டி. என்ன போட்டு தொடச்சீங்க?”

மூவரும் ஒரே நேரத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அலமாரியில் கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. அமோனியா கலந்த தண்ணீர் அது, மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அதைத் தெளித்துப் பத்திரிகைத் தாளைக் கசக்கித் தேய்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வருகிற வழக்கம். வெறும் கண்ணாடி அதற்குப் பளபளக்கும். டிண்டட் அப்படியில்லை. அமோனியா சாயத்தைக் கெடுத்துப் பசையை இளக்கும், தாள் கீறிவிடும். “அதுவாதான் பூத்திருக்கு ஆன்டி,” என்றேன். “இனிமே அதுவா பூக்காம இருக்கணும்னா, வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு வாளி தண்ணில பிள்ளைங்க ஷாம்பு ரெண்டு சொட்டு விட்டு, மெதுவான துணிய முக்கிப் பிழிஞ்சி தொடைங்க. வெளிப்பக்கம் வெறும் கண்ணாடிதான், அங்க உங்க இஷ்டம்.” ஆன்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசல் வரை வந்த மருமகள் கேட்டைத் திறக்கும்போது, “நான் இல்லக்கா,” என்று கிசுகிசுத்தாள். நான் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் இருந்து மட்டும் எங்களுக்கு எத்தனையோ வீடுகள் கிடைத்தன. ‘யார்’ என்று கேட்டிருந்தால் தீபாவளிப் பலகாரம்கூடக் கிடைத்திருக்காது.

இப்படி நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த அதே யோசனை ஒரே ஒரு சனிக்கிழமை என் காலை வாரிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

பங்சாரில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். எல்லோருக்கும் அவர் ‘லோயர் சார்’. எங்களோடு பேசினால் ஆங்கிலம்தான். தமிழ் வீட்டுக்குள்ளே மட்டும். கோவில், பூசை, சகுனம் எதுவும் அவருக்கு ஆகாது. அவர் டிரைவர் மணியம் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் இருந்தவன், எங்களுக்குப் பழக்கம். பழைய காரில் ஒரு நாள் அவன் பூமாலை தொங்கவிட்டிருந்தான். லோயர் சார் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, இனி என் காரில் பூ, பொட்டு, எலுமிச்சம்பழம் எதைப் பார்த்தாலும் அன்றோடு உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

பிறகு அந்தப் பழைய கார் விபத்தில் போயிற்று. புதுக் கார் வாங்கி, வியாழக்கிழமை எங்கள் கடையில் சுற்றிவர டிண்டட் ஒட்டினார்கள். நான்தான் மணியத்துக்கு வழக்கமான பாடத்தைச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு ஜன்னலை இறக்காதே, உள்பக்கம் கை வைக்காதே, பசை காயட்டும், நடுவில் நீர்க்குமிழி தெரிந்தால் குத்தாதே, அது தானாகப் போய்விடும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு, காரை வீட்டுப் பக்கம் ஓட்டிப்போய்த் தன் மனைவிக்குக் காட்டியிருக்கிறான். அவள் கார் மொத்தத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “புதுக் காருக்கு இப்படி கறுப்பு ஒட்டி வச்சிருக்கீங்க. ஒரு பொட்டாச்சும் வைக்க வேணாமா?” என்றாளாம். இவன் பதறிப்போய், வைத்தால் வேலை போய்விடும் என்று அவளைச் சத்தம் போட்டிருக்கிறான். அன்று ராத்திரி இருவருக்கும் பேச்சு இல்லை.

சனிக்கிழமை காலை லோயர் சாரை ஷா ஆலத்தில் ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டான். ஒரு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சும்மா இருக்கிற நேரத்தில் காரைத் தூசி தட்டலாம் என்று பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த டிஷ்யூ பெட்டியை நகர்த்தினான். அதற்குப் பின்னால், கண்ணாடியின் உள்பக்கத்தில், டிண்டட்டின் மேலேயே, மூன்று விபூதிக் கோடு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்ற வேகத்தில் முதலாளி குடித்துக்கொண்டிருந்த தேநீர், எங்கள் ஊர் ‘தே’, சட்டையில் கொட்டியது. மணியம் இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, செத்தேன்கா. சொன்னேன்லா அவகிட்ட, வைக்காத வைக்காதன்னு. எப்ப வச்சான்னே தெரியல. பின்னாடி சீட்ல சாய்ஞ்சி உக்காந்துதான் சார் வந்தாரு. அவரு தலைக்குப் பின்னாடியே இருந்திருக்கு. திரும்பிப் பாத்திருந்தா இந்நேரம் நான் பஸ்ஸுல வந்திருப்பேன்.”

என் கண் முதலில் போனது அவன் கைக்கு. வழியில் ஒரு பெட்ரோல் எண்ணெய்க் கடையில் நிறுத்தி அந்த நீலத் தண்ணீர் பாட்டிலை வாங்கி வந்திருந்தான். நல்லவேளை, மூடி திறக்கவில்லை. ஆனால் ஏற்கனவே கைக்குட்டையால் உலரத் தேய்த்திருந்தான். குங்குமம் விரிந்து கண்ணாடியில் ஒரு கையகலம் சிவப்பாகிவிட்டிருந்தது. காய்ந்த சந்தனத்தில் மணல் மாதிரி துகள் இருக்கும். இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்திருந்தால் இரண்டு நாள் ஆன டிண்டட் கிழிந்திருக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். முதலாளி சொன்னது எனக்கு மனப்பாடம். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. மணியம்தான் பதிலைக் கையோடு கொண்டுவந்துவிட்டானே. என்ன போட்டுத் துடைத்தாய், எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன்.

காரை நிழலுக்குத் தள்ளச் சொல்லி, நான் பின்சீட்டில் ஏறி மண்டிபோட்டேன். குள்ளமாகப் பிறந்ததற்குத் தொழிலில் கிடைத்த ஒரே லாபம் இதுதான். துணியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, மடித்து அந்தப் பொட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். தேய்க்கவில்லை.

“அக்கா, தேய்ங்க கா.”

“ஊறட்டும்.”

“மணி ஆகுதுக்கா.”

“தேச்சா பொட்டும் போகும், டிண்டட்டும் போகும், உன் வேலையும் போகும். போய் உக்காரு.”

அவனால் எப்படி உட்கார முடியும்? காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்து, பிளேடால் சுரண்டினால் ஒரு நிமிடம் என்றார். இன்னொருவர் பெயின்ட் கரைக்கிற தின்னர் கொண்டுவந்தார். கோவிலுக்குப் போகிற ஓர் அக்கா நின்று பார்த்துவிட்டு, பொட்டை அழிக்கலாமா, பாவம் இல்லையா என்று கேட்டார். எல்லோரும் யோசனை சொல்கிற இடத்தில் ஒன்றும் செய்யாமல் கையை வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் ஒரு நாள் தெரிந்துகொள்வீர்கள். எனக்கும் உள்ளே படபடப்புத்தான். அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், வேறு வேலையும் தெரியாது. ஆனாலும் நான் துணியை மாற்றி மாற்றி வைத்தேனே தவிரத் தேய்க்கவில்லை. சந்தனம் குழைந்து துணியோடு வந்தது. விபூதி வந்தது. பின்கண்ணாடியில் சூடேற்றுகிற மெல்லிய கம்பிக் கோடுகள் ஓடும், அவற்றின் போக்கிலேயே ஒற்றி ஒற்றி எடுத்தேன். கடைசியில் குங்குமச் சாயம் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு காசளவுக்கு நின்றுவிட்டது.

“அதையும் எடுத்துருங்க கா.”

“அத எடுத்தா ஓட்டைதான் மிஞ்சும். டிஷ்யூ பெட்டிய முன்னாடி வை. கெளம்பு.”

எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதுதான் துடைப்பதில் பாதி. அவன் மனமில்லாமல் போனான். வாங்கிவந்த நீலத் தண்ணீரை அவனுக்குத் தெரியாமல் முதலாளி எடுத்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணியம் தனியாக நடந்து வந்தான். ஷா ஆலத்தில் லோயர் சார் ஏறியதும் மூக்கை உறிஞ்சி, காருக்குள் என்ன வாசனை என்று கேட்டாராம். கண்ணாடி துடைத்தேன் என்றானாம். அவர் டிஷ்யூ பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யார் உன்னைத் துடைக்கச் சொன்னது?” என்று கேட்டு, பங்சார் வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

“தெரிஞ்சி போச்சுக்கா. திங்கக்கிழமை வேலை இருக்கா இல்லையான்னு தெரியல. வீட்டுல அவ கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்றா, நான் வைக்கலன்னு. பொய் சத்தியம் வேற பண்றியான்னு கேட்டுட்டேன். சோறுகூட போடல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணேறு படக்கூடாது என்று பொட்டு வைக்கிற பெண் அதை முன்னால் வைப்பாள், பெரிதாக வைப்பாள், ஊரே பார்க்கட்டும் என்று வைப்பாள். டிஷ்யூ பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்க மாட்டாள். ஒளித்தது யாருக்குப் பயந்து? அந்தக் காரில் ஒளிக்க வேண்டிய அவசியம் யாருக்கு? மணியத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா சந்தேகத்தை அவன் தலையில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கார் கடை வாசலில் வந்து நின்றது. மணியம்தான் ஓட்டி வந்தான். பின்னாலிருந்து லோயர் சார் இறங்கினார். அவர் மணியத்தைத் தே வாங்கி வர அனுப்பிவிட்டு, அவன் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பின்கதவைத் திறந்து, அந்த இளஞ்சிவப்புத் தடத்தைக் காட்டினார்.

“இது போகாதோ?” தமிழில் கேட்டார். அவர் வாயில் தமிழைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

“போகாது சார். எடுத்தா டிண்டட் கிழியும். மன்னிச்சுக்குங்க.”

“எடுக்க வேண்டாம். கொஞ்சமாவது மிஞ்சி இருக்கு.” கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மற்றக் காரை லோரி இடிச்சது தெரியும்தானே. பின்கண்ணாடி முழுக்க என்ர மடியில விழுந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, மணியத்துக்கும் இல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கார்ல ஏறேக்க நெஞ்சு இடிக்குது. சனிக்கிழமை விடியப்புறம் மனுசியின்ர சாமி அறையில இருந்து எடுத்துக்கொண்டு வந்து நான்தான் வைச்சனான். இருவது வருசமா அவவைப் பழிச்சுப்போட்டு, இப்ப நான் வைக்கிறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? கறுப்புக் கண்ணாடி, வெளியில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன்.”

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் அவ்வளவு கூச்சத்தோடு நின்றதைப் பார்க்க எனக்கு அவர்மேல் பிரியமாகவே இருந்தது.

“அப்ப மணியத்துக்கு வேலை இருக்கா சார்?”

“அவனுக்கு என்ன? அவனையும் சேர்த்துத்தான் வைச்சனான்.”

“அவன் வேலை போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். வீட்டுல அவன் சம்சாரம்தான் பொட்ட வச்சான்னு சண்ட. அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணியும் இவன் நம்பல. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல.”

அவர் முகம் மாறிவிட்டது. நீதிமன்றத்தில் அவரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து மணியம் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேயை இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். எங்கள் இருவரையும் அந்தத் தடத்துக்கு முன்னால் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“மணியம்,” என்றார் லோயர் சார். “அந்தப் பொட்டு உன்ர மனுசி வைச்சதில்லை. நான்தான் வைச்சனான்.”

மணியம் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேலை தப்பியது என்று குதிப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு வேறு கவலை.

“சார், கோவிச்சுக்காதீங்க. இத எங்கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல. வீட்டுக்கு வந்து நீங்களே அவகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா, சாருக்கு எங்க சாமி பக்தி, என்னைய சமாதானம் பண்ண சார் பேர இழுக்கிறியான்னு கேப்பா.”

லோயர் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாளியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“உன்ர மனுசி ஏசுவாவோ?”

“ஏசுவா சார்.”

அவர் ஒரு தேப்பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

“சரி, வண்டியை எடு.”